பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவில் ஒரு கல்யாணம்

ஈப்போவில் பதிவுத் திருமணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அதை விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. நானும் மாப்பிள்ளையும் சந்தோஷமாக ஆளுக்கொரு போனை எடுத்து அவரவர் அம்மாவிடம் சொன்னோம். இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது.

என் அம்மா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். குனோங் ராபாட்டில் வீடு. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் அத்தை, சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் புந்தோங்குக்குக் குடிவந்து, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். இருவருக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான். நேரம் பார்க்காமல் ஒரு விளக்குமாறுகூட வாங்கமாட்டார்கள்.

ஆனால் பார்க்கிற நேரம் வேறு வேறு. அத்தைக்கு மளிகைக் கடை நாட்காட்டிதான் வேதம். அதன்படி வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. "பத்தரைக்குள்ள முடிச்சிறணும். அவ்ளோதான்லா," என்றார். பத்து மணி அவருக்குச் சம்மதம்.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. "அந்த நேரமெல்லாம் சூரியன் ஆறு மணிக்கு எழும்புற ஊருக்கு, பிள்ளை. இஞ்ச ஏழேகால் ஆகுது. எல்லாத்தையும் ஒண்டேகால் மணித்தியாலம் தள்ளித்தான் பாக்க வேணும்."

தள்ளிப் பார்த்தால் பத்தேகால் வரைக்கும் குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். "குளிகையில நகை வாங்கலாம். கலியாணம் கட்டலாமோ? நீ என்ன, மாசத்துக்கு ஒருக்கால் கட்டப் போறியோ?"

ஆக, அம்மாவுக்குப் பத்தேகாலுக்கு முன்னால் ஆகாது. அத்தைக்குப் பத்தரைக்குப் பின்னால் ஆகாது. "அப்ப நடுவுல கால் மணி நேரம் இருக்குல்ல, அதுல பண்ணிக்கலாம்," என்று மாப்பிள்ளை சும்மா கிண்டலுக்குச் சொன்னார். எங்கள் வீட்டு வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்களும் தலையாட்டினார்கள். அதுவே முடிவாகிவிட்டது.

பிறகு இன்னொரு சிக்கல். கல்யாணம் என்பது எந்த நொடி? "வாயால சத்தியம் பண்றதுதான்," என்றார் அத்தை. "கையெழுத்து இல்லாமல் ஒண்டும் செல்லாது," என்றார் அம்மா. சரி, இரண்டையும் அந்தக் கால் மணிக்குள் முடிப்பது என்று ஏற்பாடு. ஒத்திகை பார்த்தோம். என் அப்பா செய்தித்தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு பதிவாளராக உட்கார்ந்தார். நாங்கள் உறுதிமொழி சொல்லி, மின்கட்டண ரசீதின் பின்புறம் கையெழுத்துப் போட்டோம். குழம்பு ஒரு கொதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே, அன்றைக்குப் பத்து மணியிலிருந்து பத்தேகால் வரைக்கும் எப்படியாவது இழுத்தடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைச் சாட்சிகளான அம்மாக்களே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அலுவலகம் ஒழுங்கான அலுவலகம். பத்து மணிக்குச் சரியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். பதிவாளர் ஒரு மலாய்க்கார அம்மையார், சிரித்த முகம். அவர் அடையாள அட்டைகளைக் கேட்டதும் அம்மா கைப்பையைத் திறந்து, ஒவ்வொரு பொருளாக மேசைமேல் எடுத்து வைக்கத் தொடங்கினார். குடை, தைலம், மூன்று பேனா, ஒரு ஆரஞ்சுப் பழம். அட்டை அவருடைய இடது கைக்குள்ளேயே இருந்தது எனக்குத் தெரிந்தது. அது வெளியே வந்ததும் அத்தை கழிவறைக்குப் போகவேண்டும் என்றார். போய் வந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் போகவேண்டும் என்றார்.

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மலாயில் கேட்டார்: "நல்ல நேரம் பார்க்கிறீர்களா? எத்தனை மணிக்கு?"

அத்தை தரையைப் பார்த்தபடி, "பத்தேகால், புவான்," என்றார்.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே. வெளியே ஒரு சீன ஜோடி இருக்கிறது. அவர்களுக்கும் நேரம் இருக்கிறதாம், இப்போதே வேண்டும் என்கிறார்கள்."

நாங்கள் வெளியே வர, அந்த ஜோடி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனது. அம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகப் புருவத்தை உயர்த்தினார். பத்தேகால் ஆனது. கதவு திறக்கவில்லை. உள்ளே படம் எடுக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பத்து இருபது ஆனது. அந்தச் சீன மாப்பிள்ளையின் அண்ணன்மார் ஒவ்வொருவராகப் படத்துக்கு நிற்கிறார்கள் போலிருக்கிறது. அத்தை எழுந்து கதவருகே போய் நின்றார். "பெரட்டுக்கே நான் ஒரு நாள் லேட்டா போனதில்லம்மா," என்று என்னிடம் சொன்னார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் கணக்கு எடுப்பது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நானும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

பத்து இருபத்தைந்துக்கு அவர்கள் வெளியே வந்தார்கள். "வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டே நாங்கள் அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினோம். பதிவாளரும் எங்கள் அவசரம் புரிந்து வேகமாக வாசித்தார். நான் உறுதிமொழியைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் விற்கிறவரைப் போல ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மாப்பிள்ளை என்னைவிட வேகம். பேனாவைப் பிடுங்கிச் சர்ரென்று கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் வியர்வை.

பதிவாளர் காகிதத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இது சாட்சி போட வேண்டிய இடம்," என்றார்.

அவசரத்தில் மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சியாகிவிட்டார்.

புதிதாக ஒன்றை அச்சடித்து எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்தபோது பத்தே முக்கால்; உறுதிமொழி மட்டும்தான் பத்தரைக்குள் முடிந்திருந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். கையெழுத்துத்தான் கல்யாணம் என்று அத்தனை நாள் வாதாடிய அம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாகச் சொன்னார்: "வாயால சொன்னதுதான் சம்மந்தி கலியாணம். இது வெறும் கடுதாசி."

"அதான் நானும் சொல்றேன்," என்றார் அத்தை. இருவரும் கைகோத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் காரில் ஏறியபோது, இரண்டு தலைகள் ஒன்றாகச் சன்னலுக்குள் குனிந்தன. புதுப் பெண் வீடு புக இது நேரமில்லையாம். அத்தைக்குப் பன்னிரண்டு வரை ராகுகாலம், அம்மாவுக்கு ஒன்றேகால் வரை. "எங்கயாவது சுத்திட்டு வாங்க. ஒண்ணரைக்கு முன்ன வாசப்படி மிதிச்சிறாதீங்க," என்றார் அத்தை. அவர்கள் மட்டும் அப்பாவின் காரில் போய்விட்டார்கள். அவர்கள் சமைத்த பிரியாணியும் அவர்களோடு போனது.

நாங்கள் குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையடியில் ஒரு மர நிழலில் காரை நிறுத்தி, பட்டுச் சேலையோடும் ஜிப்பாவோடும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். சம்பல் அவர் ஜிப்பாவில் சிந்தியது. நான் துடைக்கப் போக, அது இன்னும் பரவியது. "இனிமே நேரமே பாக்கக் கூடாது," என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன். பிறகு மணி பார்க்காமலேயே, குளிர்சாதனக் காற்றில் இருவருமே நன்றாகத் தூங்கிப்போனோம்.