நான் தப்பாக வெட்டிய குளம்

1986-ஆம் வருடம், அக்டோபர் மாதம். நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் இருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம்தான் வருவார்கள். அவர்களை எழுப்பி, நடக்கவைத்து, வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. நான் மெட்ராஸில் படித்தவள், கும்பகோணத்துக்காரி, கொஞ்சம் வாய்க்காரி. இல்லத்தில் கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்தப் பெருமையைக் கரைத்தவர் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர். வயது அறுபத்தாறு. ஆறடி உயரம், வெள்ளை மீசை. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு பதினெட்டு வருடம் இந்த நாட்டில் பேசிய ஆங்கிலமும் மொத்தமாகப் போய்விட்டது. மிஞ்சியது அவருடைய தாய்மொழியில் நாலைந்து சொற்கள். எதற்கெடுத்தாலும் "நே" என்பார். இல்லை, வேண்டாம், முடியாது, எல்லாவற்றுக்கும் அதே "நே"தான்.

இரண்டு பக்கமும் கம்பி வைத்த நடைபாதையில் கொண்டுபோய் நிறுத்துவேன். இரண்டடி வைப்பார். "நே." உட்கார்ந்துவிடுவார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், செய்து காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. காலில் பலம் திரும்பியிருந்தது, சோதித்துப் பார்த்திருக்கிறேன். பலம் இருந்தும் நடக்கவில்லை என்றால் திமிர்தானே? மூன்றாவது வாரம் அவருடைய ஃபைலில் எழுதிவிட்டேன்: "ஒத்துழைப்பதில்லை."

அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரும் நாங்களும் உட்கார்ந்து ஃபைலைப் பார்ப்போம். முன்னேற்றம் இல்லையென்றால் பயிற்சி நின்றுவிடும், பின்கட்டில் நிரந்தரமாகத் தங்குகிறவர்களின் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் காரிடார் முழுக்க நடக்க வேண்டும், பதினான்கு படி ஏற வேண்டும். ஏனென்றால் அவருடைய மகளின் அபார்ட்மென்ட் மாடியில் இருந்தது. அவருக்கு இருந்த ஒரே உறவு அந்த மகள்தான்.

அந்தப் பெண் தினமும் வேலை முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். அன்று அவளிடம் நான் நறுக்கென்று சொல்லிவிட்டேன், உன் அப்பாவுக்கு நடக்கவே மனசில்லை என்று. அவள் சண்டை போடவில்லை. அப்பா தினமும் நடந்தே வேலைக்குப் போனவர் என்று மட்டும் சொன்னாள். எல்லார் வீட்டிலும் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. என் கணவர்தான் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி, காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போவார். மான்மவுத் ஜங்ஷனில் இருந்த எங்கள் வீடு போய்ச் சேரும்வரை அன்றைக்கு ஒரே புலம்பல்.

"ஏம்மா, அந்த மனுஷன் நடந்து எங்க போகணும்ங்கிற? உங்க காரிடார் கடைசில என்ன இருக்கு?"

"லாண்டரி ரூம்."

"அழுக்குத் துணியப் பாக்க நானே நடக்க மாட்டேன். அவரப் போய் ஃபோர்ஸ் பண்றியே!"

கேலிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த மகளுக்கு போன் செய்தேன். உன் அப்பா தினமும் நடந்தார் என்றாயே, எங்கே நடந்தார் என்று கேட்டேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஊர் பெயர் தெல்ச். பிராகுக்கும் வியன்னாவுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். நீளமான ஒரு சதுக்கம், அதன் இரு புறமும் ஒட்டி ஒட்டி வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். எல்லா வீட்டுக்கும் முன்னால் வளைவு வளைவாகத் தாழ்வாரம். மழை பெய்தாலும் நனையாமல் அந்தக் கோடிவரை போகலாம். ஒரு கோடியில் கோட்டையும் தேவாலயமும், மறு கோடியில் ஊர்வாசல், அதற்கப்பால் ரயில் நிலையம். அப்புறம் குளம். அப்பாவுக்குக் குளத்தில்தான் வேலை, கெண்டை மீன் வளர்க்கிற வேலை என்றாள். அதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது. மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். அங்கேதான் வினை.

ராத்திரிச் சமையலைக் கணவர் தலையில் கட்டிவிட்டு, என் நாலு வயது மகளின் ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவு, வீடு, கோபுரம், கோட்டை, ஊர்வாசல் என்று படம் படமாக வரைந்தேன். குளத்துக்குப் பெரிய தாள். மகள் நீலம் அடித்து, கேட்காமலே இரண்டு வாத்தும் போட்டாள்.

மறுநாள் காலை சீக்கிரமே போய் எல்லாவற்றையும் காரிடார் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு அறைக்கதவுக்கு மேலும் ஒரு வளைவு. முதல் கதவுக்குப் பக்கத்தில் கோட்டை, நாலாவது கதவருகே தேவாலயம், லாண்டரி ரூம் கதவில் ஊர்வாசல். குளத்தை எங்கே ஒட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. நட்டநடுவில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். குளம் வேறு எங்கே இருக்கும்?

அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன். முதல் வளைவைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அடுத்தது, அதற்கடுத்தது என்று தலை திரும்பிக்கொண்டே வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அப்போதுதான் அவர் குளத்தைப் பார்த்தார்.

முகம் சிவந்துவிட்டது. "நே! நே! நே!" என்று நாற்காலியின் கைப்பிடியில் குத்தினார். நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வரைந்ததற்கு இதுவா மரியாதை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலிக்கு பிரேக்கைப் போட்டுவிட்டு, எப்படியோ போங்கள் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மேஜை மேல் இருந்த ஃபைலை எடுக்கத் திரும்பினேன். ஃபைல் கையில் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது.

எழுந்து நின்றுகொண்டிருந்தார். தனியாக! எனக்கு உயிரே போய்விட்டது. நோயாளி விழுந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. ஓடினேன், ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையால் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நாலடி வைத்தார். தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு குளத்தைப் பிய்த்தார். வலது கை உதவாது, இடது கைக்கோ கம்பி வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? குளத்தை வாயில் கவ்விக்கொண்டார்.

அப்படியே நடந்தார். ஒவ்வொரு வளைவாகத் தாண்டினார். நான் இரண்டு கையையும் விரித்தபடி, தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இருபத்திரண்டு அடி. லாண்டரி ரூம் கதவில் நான் ஒட்டியிருந்த ஊர்வாசலைத் தாண்டிப் போய் நின்று, வாயைத் திறந்து குளத்தைக் கீழே போட்டார். பிறகு தலையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆட்டிக் காட்டினார். அதற்குள் ஒரு நர்ஸ் நாற்காலியைக் கொண்டுவந்துவிட்டாள். உட்காரவைத்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது, எனக்கும்தான்.

சாயங்காலம் அவருடைய மகள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரே நேரத்தில் சிரிக்கவும் அழவும் செய்தாள். பிறகுதான் மீதிக் கதை வந்தது. அந்த ஊரில் குளம் ஊருக்குள் கிடையாது, ஊரைச் சுற்றித்தான்; அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது அதைக் காட்டத்தான். எதிரி உள்ளே வராமல் இருக்கப் பல நூறு வருடத்துக்கு முன் வெட்டியவை. நானூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெருந்தீயில் ஊரே எரிந்துபோய், அங்கிருந்த பிரபு இத்தாலியிலிருந்து ஆள் வரவழைத்துத் திரும்பக் கட்டினாராம். இலையுதிர் காலத்தில் குளத்து நீரை வடிய விட்டு மீன் பிடிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் கெண்டை மீனை உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டுவைப்பதால், அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் குளியல் கிடையாது என்றாள். 1968-இல் ரஷ்ய டாங்கிகள் ஊருக்குள் வந்தபோது இரண்டு பெட்டியோடு கிளம்பினார்கள். அப்புறம் திரும்பிப் போக வழியில்லை. குளத்தையே கட்டி ஆண்ட மனிதர் இங்கே வந்து பதினேழு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கியிருக்கிறார்.

நீ ஏன் குளத்தை நடுவில் வைத்தாய் என்று கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் கோயிலும் குளமும் ஊர் நடுவில்தான் இருக்கும் என்றேன். அவள் அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் என்னை நம்பாமல் பார்த்துவிட்டு, திக்கித் திக்கி இரண்டு சொல் சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள்: "எதிரி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்."

"குளிப்போம்" என்றேன்.

மகள் சொல்லி முடித்ததும் அவர் பாதி வாயால் சிரித்தார். மூன்று வாரத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அப்புறம் என்ன, என் தப்புகளைத் திருத்துவதே அவருக்குப் பயிற்சி ஆகிவிட்டது. கோட்டையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு வளைவு கோணல் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். காரிடாரின் ஜன்னல்களுக்கெல்லாம் கீழே நீலத்தாள் ஒட்டி ஊரைச் சுற்றித் தண்ணீர் விட்டோம். அவசரப்படிக்கட்டுக்குத் தேவாலயக் கோபுரம் என்று பெயர் வைத்தோம். மேலே ஏறினால் எல்லாக் குளமும் தெரியும் என்று மகள் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை டாக்டர் கண்ணெதிரே அவர் கோலூன்றி ஊர்வாசல்வரை நடந்தார், பதினான்கு படி ஏறினார். உச்சிப்படியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். அங்கே கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனார். போகுமுன் ஃபைலைத் திருத்த வேண்டியிருந்தது. மருத்துவக் குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "ஒத்துழைப்பதில்லை" என்பதன் மேல் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே அந்தச் சொல் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து, 1989 முடிகிற சமயத்தில், அந்த நாட்டில் ஆட்சி மாறியதை டிவியில் காட்டினார்கள். சதுக்கத்தில் ஜனங்கள், பழைய ஆட்சி கிளம்பட்டும் என்பதற்கு அடையாளமாக, சாவிக்கொத்தை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "உன் பேஷன்ட் இதப் பாத்துட்டு இருப்பாரு" என்றார் என் கணவர். பொங்கல் கழிந்து இல்லத்து முகவரிக்கு எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. முன்பக்கம் தெல்ச் ஊர், தண்ணீரில் தலைகீழாக வண்ண வண்ண வீடுகள். கிறிஸ்துமஸுக்கு அங்கே போனோம், ரயில் நிலையத்திலிருந்து அப்பா நடந்தே வந்தார் என்று மகள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் அவருடைய மொழியில் ஒரு வரி. பக்கத்திலேயே மகள் ஆங்கிலத்தில் அதன் பொருளைக் குறித்திருந்தாள்: குளம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அட்டையை வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்டிப்பானவள் என்ற பெயர் அன்றோடு போயிற்று. இப்போதும் யாரைப் பற்றியாவது "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதக் கை போனால், நான் அவரை எந்த ஊரில் நடக்கச் சொல்கிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.