றெஜினாவின் கைகளும் என் ஒன்பது செவ்வாய்களும்

மூன்று வருடமாக றெஜினாவின் பெயர், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பட்டியலில் சேரவில்லை. அவளுக்குப் பதினொரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவளுக்குப் பின் பிறந்த தங்கை வெள்ளைச் சட்டை போட்டு நன்மை வாங்கியபோது, இவள் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் குனிந்தபடி இருந்தாள். நான் கண்ணால் கண்டேன்.

பங்குச் சுவாமியார் கெட்டவர் அல்ல. "டீச்சர், செபமெல்லாம் பாடமாக்கத் தேவையில்லை. தின்னுற பாணுக்கும் ஆண்டவர் இருக்கிற நற்கருணைக்கும் வித்தியாசம் தெரியுது எண்டு பிள்ளை எனக்குக் காட்டினால் போதும்" என்றார். உயிர்த்த ஞாயிறான பாஸ்காவுக்குப் பின் வரும் இரண்டாம் ஞாயிறு புதுநன்மை. அதற்குள் அவள் காட்ட வேண்டும். காட்ட வைப்பது என் பொறுப்பு.

இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பயிற்சியை முடித்து, ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்திருந்தேன். பாடசாலைக்குப் பின்னால் ஓர் அறை, ஐந்து பிள்ளைகள், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பிள்ளையின் கையை என் தொண்டையில் வைத்து அதிர்வை உணர்த்துவேன். உதட்டுக்கு முன்னால் கடதாசித் துண்டைப் பிடித்து 'ப' சொல்லுவேன். கடதாசி ஆட வேண்டும். கை காட்டிப் பேச விட்டால் வாய் திறக்காது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். றெஜினா கையைத் தூக்கும் போதெல்லாம், அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருக்கச் செய்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கொஞ்சம் அழுத்தியே இருத்தியிருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டு மாதத்தில் 'ப'வும் 'ம'வும் வந்தன. பிறகு ஒருநாள் அவள் என் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். அதன்பின் வரவே இல்லை.

நான் உடைந்துபோனேன். சாதாரண வகுப்புக்கே என்னை மாற்றிவிடும்படி கடிதம் எழுதி அலுமாரியில் வைத்தேன். ஒன்பது செவ்வாய் பூசைக்குப் போவதாக அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டேன். "ஆண்டவரே, அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்துவிடும். இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை வேண்டாம்." எட்டுச் செவ்வாய் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்பதாம் செவ்வாய் காலைப் பூசை முடிந்து, நான் வேலையை விடுகிறேன், இனிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானும் போனேன்.

அவளுடைய தகப்பன் சூசை அண்ணையின் வள்ளம் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. முந்தின இரவு காற்று மோசம்; பெண்கள் வாயில் கைவைத்து நின்றார்கள். றெஜினா அவர்களுக்கு முன்னால் நின்றாள். வள்ளத்தில் அவர் எழுந்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மேலே தூக்கினார். எங்கள் கடலில் காற்று குரலைத் தின்றுவிடும். வள்ளத்துக்கு வள்ளம் கையால்தான் பேச்சு. இந்தச் சைகைதான் எப்போதும் முதலில் வரும்: ஆள் இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. பிறகு அவர் கைகள் ஓடின. றெஜினாவும் கையாலேயே திருப்பிக் கேட்டாள். திரும்பித் தாய்க்குக் காட்டினாள். தாய் சொல்லுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது: வலை கிழிந்துவிட்டது, விளைமீன் கொஞ்சம் உண்டு. என் அப்பாவும் இப்படித்தான் பேசியவர். டீச்சரானதும் நான் அதை மறந்துபோனேன். மறந்தேன் என்பதும் பொய், வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அப்போது றெஜினா என்னைக் கண்டாள். உடனே மணலில் அமர்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்தாள்.

நான் அந்த மணலிலேயே முழங்காலில் இருந்து அழுதேன். அவளுடைய கைகளை நானே வெளியே எடுத்துவிட்டேன்.

வள்ளம் கட்டிவிட்டு வந்த சூசை அண்ணை சிரித்தார். "வீட்டிலையும் கை காட்டக் கூடாது எண்டு நீங்கள்தானே, பிள்ளை, சொன்னனீங்கள். படிச்ச பிள்ளை சொல்லுது எண்டு நாங்களும் பேசாமல் இருந்தனாங்கள். கடலிலை மட்டும் ஏலாது, அதுதான்."

"பிழை என்னிலைதான் அண்ணை. எனக்கும் திருப்பிப் பழக்கிவிடுங்கோ."

கடிதத்தைக் கிழித்தேன். மாலையில் அவர் என் வகுப்பறைக் கதிரையில் இருந்து எனக்குப் படிப்பித்தார். நான் பகலில், திரும்பி வந்த றெஜினாவுக்கு வாயாலும் கையாலும் படிப்பித்தேன். ஆண்டவரின் கதையை, சிலுவையை, கடைசி இராப்போசனத்தைக் காட்டினேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

புதுநன்மைக்கு முதல்நாள் சுவாமியார் அவளைக் கோயிலுக்குள் கூப்பிட்டார். நானும் சூசை அண்ணையும் பின்னால் நின்றோம். சுவாமியார் பாண் துண்டைக் காட்டினார். அவள் வாயைத் தொட்டு, வயிற்றைத் தடவினாள். பிறகு சிவப்பு விளக்கு எரியும் நற்கருணைப் பேழையைக் காட்டினார். அவள் மறுபடி வாயைத் தொட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவள் தலையை ஆட்டி, அது போதாது என்று காட்டினாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மேலே தூக்கினாள்.

"என்ன சொல்லுது பிள்ளை?" என்றார் சுவாமியார்.

சூசை அண்ணைதான் சொன்னார். "ஆள் இருக்கு எண்டு சொல்லுறாள், சுவாமி. உள்ளுக்கை ஆள் உயிரோடை இருக்கு எண்டு."

நான் அதை அவளுக்குப் படிப்பிக்கவில்லை. சுவாமியார் தன் கையாலேயே அவள் பெயரைப் பட்டியலில் எழுதினார்.

பத்து வருடம் ஆகிறது. இன்னும் அதே அறையில்தான் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். புதிய பிள்ளை வந்தால் கண்ணாடியை எடுக்க மாட்டேன். முதலில் வீட்டுக்குப் போய், இந்தப் பிள்ளை உங்களோடு எப்படிப் பேசும் என்று கேட்பேன். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் அதற்கு ஏசியும் இருக்கிறார். ஏசட்டும். கோபம் மட்டும் இன்னும் முழுதாய்ப் போகவில்லை, அதற்கும் செபிக்கிறேன்.

சகோதரங்களே, நான் அவளுடைய வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் என் கண்ணைத் திறந்தார். உங்களுக்கும் எட்டுச் செவ்வாய் வெறுமையாகப் போயிருக்கலாம். ஒன்பதாவதுக்கும் போங்கள். றெஜினா இன்றைக்கும் நன்மை வாங்கிவிட்டு வாங்குக்குத் திரும்பும்போது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மேலே தூக்குவாள். பின்வாங்கில் இருந்து நானும் தூக்குவேன்.