ஊசி வரவழைத்த வியாபாரி

எங்கள் படகுத்துறையில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். படகுகளுக்குக் கூரைத் துணி, இருக்கை உறை, தார்ப்பாய் எல்லாம் தைப்பவள் என்பதால் வந்த பெயர். அவளிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பெயருக்கு வேறு காரணம் சொல்வார்கள். என் கடை அவள் கடைக்கு எதிரே இருக்கிறது. கயிறு, நங்கூரம், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் விற்கிறேன். ஆகவே ஆன்லைனில் சாமான் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாசம் பொங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊசிக்கு இருப்பது ஒரே தம்பி. ஏரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றும் படகை ஓட்டுகிறான். அவனைப் பற்றிய ஒரு விஷயம் துறையில் அவளுக்கும், அவள் ஒருநாள் வாய் தவறிச் சொன்னதால் எனக்கும் மட்டுமே தெரியும். அவனுக்கு நீச்சல் வராது. உரிமத் தேர்வன்று அவன் பெயரில் வேறொருவன் நீந்திக் கரையேறியிருக்கிறான். வெளியே தெரிந்தால் உரிமம் போகும், படகு போகும். அந்தப் படகைத் தவிர அவனுக்கு எதிலும் பிடிப்பு கிடையாது. அதனால்தான் அவனுக்கு நல்ல லைஃப் ஜாக்கெட் ஒன்று வேண்டும் என்று அவள் அலைந்தாள்.

என்னிடமே வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் என் வாசல்வரை தார்ப்பாயை விரித்து வெட்டுகிறாள் என்று அப்போது இருவருக்கும் சண்டை. வீம்புக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். போடுவதற்கு முன் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டவும் செய்தாள். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. தரச்சான்று எண் எங்குமே இல்லை. நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள், நாற்பதும் ஒரே நாளில். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். என் கோபம் அவ்வளவு கேவலமானதாக இருந்தது.

ஜாக்கெட் வந்தது. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வாளியோ கயிறோ, எது புதிதாக வந்தாலும் கையோடு படகின் எண்ணைப் பெயிண்டில் எழுதிவிடுவோம். எழுதாத பொருள் சாயங்காலத்துக்குள் வேறு படகில் இருக்கும். தம்பியும் முதுகுப்பக்கம் பெரிதாக எண்ணை எழுதிக் காயவைத்துப் போட்டுக்கொண்டான்.

எட்டாம் நாள் மத்தியானம், காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, படகைக் கட்டப் போனவன் கால் வழுக்கி இரண்டு படகுகளுக்கு நடுவே விழுந்தான். ஜாக்கெட் அவனை மேலே தூக்கவில்லை. தண்ணீரைக் குடித்து ஊறிக் கனத்து, அவனைக் கீழே இழுத்தது. இரண்டு பேர் கொக்கி போட்டு இழுத்துக் கரையில் கிடத்தினார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. படகோரத்தில் தலை அடிபட்டதால்தான் கை கால் அசைக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

ஊசி அந்த ஜாக்கெட்டை என் மேசைமேல் போட்டு, கத்திரிக்கோலால் நடுவில் கிழித்தாள். உள்ளே இருந்ததை இரண்டு விரலால் பிழிந்தாள்.

"இது நான் சீட்டுக்குள்ள வைக்கிற ஸ்பாஞ்சு. உக்கார்றதுக்குப் போடுறத மிதக்குறதுக்குப் போட்டிருக்கான்."

கிழிக்கும் முன் எடுத்திருந்த படத்தை இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிப்போட்டாள். 'பொருளில் பெயிண்ட் பூசப்பட்டிருப்பதால் திரும்பப் பெற இயலாது' என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஓரடி தள்ளி நின்றேன். படகுக்காரர்கள் எண் எழுதுவார்கள் என்பது அந்த வியாபாரிக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்கிறான்.

"விட்டுடுக்கா," என்றான் தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. "நீ அவனைத் தோண்டினா என் கதையும் சேர்ந்து வெளிய வரும்."

"சரிடா, விட்டுட்டேன்," என்றாள். உதடு மட்டும்தான் சொன்னது.

அன்றிரவே என் குற்றத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன் என்றேன். "உங்கள அப்புறம் வச்சுக்கிறேன். முதல்ல அவன்," என்றாள்.

அடுத்த நான்கு மாதம் அவள் தையல் மெஷினைவிட ஃபோனைத்தான் அதிகம் மிதித்தாள் என்று துறையில் கிண்டல் செய்தார்கள். அந்த ஆன்லைன் கடை மூடப்பட்டு வேறு பெயரில் திறந்தது. மறுபடி மூடி மறுபடி திறந்தது. எந்தப் பெயரில் வந்தாலும் அவள் பிடித்துவிடுவாள். பெயர் மாறலாம், தையல் மாறுமா? தோள்பட்டையில் ஒற்றை ஓட்டம், மூன்றாவது அங்குலத்தில் நூல் தாண்டியிருக்கும். படத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்டுவாள், அப்போது அவள் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரியும்.

பழிவாங்கக் கற்றது ஊருக்கு உதவியது. பம்பு, விளக்கு, கயிறு என்று எதை ஆன்லைனில் வாங்குவதானாலும் ஆட்கள் முதலில் அவளிடம் வந்தார்கள். அவள் புகழுரைகளைப் படிக்கவே மாட்டாள், திட்டியவன் எழுதியதைத்தான் முதலில் படிப்பாள். விற்பவனுக்கு முகவரி இருக்கிறதா, ஃபோன் போட்டால் எடுக்கிறானா, சான்று எண்ணை அதைக் கொடுத்தவர்களிடமே சரிபார்க்க முடிகிறதா என்று துருவுவாள். பொருள் வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கச் சொல்வாள். "ஜாக்கெட்டுன்னா தண்ணித் தொட்டில ஒரு நாள் கல்லைக் கட்டிப் போடுங்க. மிதந்தா படகு நம்பரை எழுதுங்க. அதுக்கு முன்னாடி பிரஷ்ஷைத் தொட்டீங்க, கையை உடைச்சிடுவேன்." என் வியாபாரம் குறைந்தது. நான் முணுமுணுக்கவில்லை.

அந்த வியாபாரியை வரவழைக்க என் கடைப் பெயரைக் கேட்டாள், கொடுத்தேன். எண்பது ஜாக்கெட் வேண்டும், முதலாளி நேரில் வந்து இறக்கினால்தான் எடுப்போம் என்று எழுதினோம். ஆசை யாரை விட்டது? ஒரு காலைவேளையில் வேனில் வந்து இறங்கினான். சலவைச் சட்டை, சிரித்த முகம். துறையில் நாற்பது பேர் வேலையில்லாதவர்கள்போல் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஃபோன். உரிமம் கொடுக்கும் அதிகாரியையும் சாட்சிக்காக அவளே அழைத்திருந்தாள். தம்பி தன் படகில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார்," என்றாள் ஊசி, தேனாக.

போட்டுக்கொண்டான். வார்களை அவளே இழுத்துக் கட்டினாள்.

"இப்ப தண்ணியில இறங்குங்க."

"எதுக்கும்மா? வியாபாரத்துல நம்பிக்கை வேணும்."

"நம்பித்தான் சொல்றேன். நூறு கிலோ தாங்கும்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. இங்க ரெண்டு ஆள் ஆழம்தான்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். வார்களை அவிழ்க்க முயன்றான், அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் சொல்லிவிட்டான்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

அதோடு முடிந்தது. நாற்பது ஃபோனிலும் அது பதிவாகிவிட்டது. தன் சரக்கைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் கால் வைக்கப் பயந்த வியாபாரி. இதற்குமேல் என்ன வேண்டும்? கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். நான்கு மாதம் வயிற்றில் வைத்திருந்தது அவளை நிறுத்தவிடவில்லை.

"என் தம்பிக்கும் தெரியாதுடா! அதனாலதான்டா நீ வித்ததை நம்பிப் போட்டான்!"

சிரிப்பு நின்றது. தலைகள் வியாபாரியை விட்டுப் படகுப்பக்கம் திரும்பின. சில ஃபோன்களும் திரும்பின. ஊசி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அதிகாரி சத்தம் போடவில்லை. "நாளைக்கு ஆபீசுக்கு வாப்பா. உரிமத்தை எடுத்துட்டு வா," என்றார்.

எண்பது ஜாக்கெட்டையும் கிழித்து வேன் மேலேயே வீசினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தக் கடை ஆன்லைனில் எந்தப் பெயரிலும் இல்லை. ஊசி என் கடையில் உட்கார்ந்து அதைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகிலிருந்த தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு தம்பி அந்த வழியாக வந்தான். அவள் எழுந்து ஃபோனை அவனிடம் நீட்டினாள்.

"கடையை மூடிட்டான்டா. ஒழிஞ்சான்."

அவன் அதை வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

"அன்னிக்கு விழுந்தப்ப ரெண்டு பேர் கொக்கி போட்டு இழுத்தாங்கக்கா. இதுலேர்ந்து என்னை யாரு இழுப்பா?"

பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.