கிளாஸ்கோவில் கூடிய ஒன்றரை இலட்சம் பேர்

எண்பத்தாறாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஓர் அகதிகள் விடுதியில் இருந்தேன். அந்தக் கட்டடத்தில் உண்மையாகவே சூடான இடம் நிலவறையில் இருந்த கொதிகலன் அறை ஒன்றுதான். பின்னேரங்களில் அங்கே போய்விடுவேன். விடுதியைப் பராமரித்தவர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கிளாஸ்கோவில் பிறந்தவர், பிரித்தானியப் படையோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கே ஒரு பெண்ணை மணந்து தங்கிவிட்டவர். அறுபதைத் தாண்டியிருந்தார். ஊரில் நான் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவன் என்று சொன்ன நாளிலிருந்து என்னை 'சேவையர்', அதாவது நில அளவையாளர், என்றே கூப்பிட்டார். நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். அவர் பேசும் ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது; கொதிகலன் இரையும்போது மீதியும் போய்விடும். விளங்கியதை என் ஊர்ப் பேச்சிலேயே நினைவில் வைத்திருக்கிறேன்.

அந்த மாதம் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. தங்குவதற்கான தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிக்க வேண்டும். காலையில் கதவு திறந்ததும் முன்னால் நிற்பவர்களுக்கு இலக்கத் துண்டு கொடுப்பார்கள். துண்டுகள் முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கதவுக்கு முன்னால் வரிசை என்று ஒன்று கிடையாது, கூட்டம்தான். கதவு அசைந்த கணத்தில் எல்லோரும் முன்னே நெருக்குவார்கள். நான் பக்கவாட்டில் விலகி, எதிர்ப்பக்கச் சுவரோடு போய் நின்றுவிடுவேன். அப்படி மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். வெள்ளிக்கிழமையோடு தாள் முடிகிறது. முடிந்துவிட்டால் உதவிப் பணம் நிற்கும். வழியில் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கும் ஒன்றும் இராது.

"நல்லூர்த் தேருக்கு நிண்ட ஆள்தானே அண்ணை நீங்கள்? இதுக்கு ஏன் பயப்பிடுறியள்?" என்று கேட்டான் என் அறையில் இருந்த யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.

"தேர் இழுக்கிற சனம் வேறை, தம்பி."

"இதுவும் இழுக்கிற சனம்தான். நீங்கள்தான் வடத்தை விட்டிட்டு ஓடுறியள்."

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் எங்கள் தெருவுக்குள் தமிழர் வீடுகளைத் தேடி ஒரு கூட்டம் வந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். பல குரல்கள் ஒரே குரலாகிக்கொண்டு கிட்டவரும் அந்தச் சத்தம் பிறகு என்னை விட்டுப் போகவில்லை. இதை அவனுக்கு நான் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் தடவை திரும்பி வந்த பின்னேரம் கொதிகலன் அறையில் இருந்தபோது, பராமரிப்பாளர் தன் நகரத்து உதைபந்தாட்ட மைதானத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முன்பு ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் அங்கே ஆடின. கணக்கில் வந்தவர்கள் ஒன்றரை இலட்சத்துக்குச் சில நூறு பேர் மட்டுமே குறைவு. மதில் ஏறிக் குதித்தவர்கள் தனி. அவர் அப்போது பதினான்கு வயதில் மதில் ஏறியவர்.

நான் மனத்துக்குள் பரப்பளவைப் பிரித்துப் பார்த்தேன். "ஓர் ஆளுக்கு நிற்க எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்க இடமே இல்லை, சேவையர். அதாலைதான் ஒருத்தரும் விழேல்லை."

"ஆட்டம் எப்படி?"

"ஆர் கண்டது? நான் கண்டது ஓவர்கோட்டுகளின்ரை முதுகு. மழையிலை நனைஞ்ச கம்பளி. கோல் விழேக்கை சத்தம் காதாலை வரேல்லை, காலாலை வந்தது. பிறகு காலும் இல்லை. சனம் என்னைத் தூக்கிக்கொண்டு படிகளாலை கீழை போச்சுது, திருப்பி மேலை கொண்டு வந்து விட்டுது. நான் ஒண்டும் செய்யேல்லை. கையை நெஞ்சிலை வைச்சிருந்தன், மூச்சுவிட."

"பயமாக இருக்கவில்லையா?"

"அடுத்த கிழமை கிண்ண இறுதியாட்டம். அதே இடம், கிட்டத்தட்ட அதே சனம். திரும்பவும் போனன்." கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, "பந்து பாக்கப் போகேல்லை," என்றார்.

அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்தேன். யன்னலில் மழை வழிந்தது. தூக்கமும் விழிப்பும் சேரும் இடத்தில் அந்த மைதானம் வந்தது. தொப்பிகள், தொப்பிகள், அவற்றுக்கு மேலே ஒன்றரை இலட்சம் பேரின் மூச்சு ஒரு மேகமாக நின்றது. கீழே எங்கோ, யாரும் பார்க்காத ஒரு பச்சை. சத்தம் வந்தது. முதலில் தொட்டிக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம் என்றுதான் உடல் குறுகியது. ஆனால் இது யாரையும் தேடி வரவில்லை. எழுந்தது, தாழ்ந்தது, ஒருவரும் தள்ளாமலே எல்லோரும் அசைந்தார்கள். விழித்தபோது மழை விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும் வேளையில் அலுவலக வாசலில் மூடுபனி. துருக்கி மொழி, பாரசீகம், எங்கள் தமிழ் எல்லாம் வாயிலிருந்து வெண்புகையாக வெளிவந்தன. நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. நடுவில் நின்றேன்.

கதவு அசைந்தது. பின்னாலிருந்து அந்தப் பாரம் வந்து முதுகில் அமர்ந்தது. கைகளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். முன்னால் ஒரு சாம்பல் நிறக் கோட்டின் முதுகு; அதன் தையலில் ஓர் இழை பிரிந்திருந்ததைக்கூடப் பார்த்தேன். ஈரக் கம்பளியும் யாரோ ஒருவருடைய தலை எண்ணெயும் மணத்தன. பிறகு சப்பாத்தின் அடியில் நிலம் இல்லை. கதவு நிலை என்னைக் கடந்து மெல்ல, மிக மெல்லப் பின்னால் போயிற்று. அது நகர்ந்தது போலவும் நான் நின்றது போலவும் இருந்தது.

எங்கிருந்தோ வடமராட்சிக்காரனின் குரல் கேட்டது. "அண்ணை, நிக்கிறியளோ?"

"நிக்கேல்லை தம்பி, போறன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பின் அதிர்வு என் முதுகில் தெரிந்தது.

உள்ளே கூட்டம் என்னை இறக்கிவிட்டபோது, கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிட்டது போலிருந்தது. இலக்கத் துண்டு கிடைத்தது. மதியத்துக்கு முன் தாளில் முத்திரை விழுந்தது, இன்னும் மூன்று மாதம். காவலாளி பின்பக்கக் கதவைக் காட்டி, அந்த வழியால் போனால் நெரிசல் இல்லை என்று கையால் சொன்னான். முன்வாசலில் இன்னும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். துண்டுகள் முடிந்துவிட்ட செய்தி அவர்களுக்கு எட்டியிருக்கவில்லை. தாளை உட்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, முன்வாசலாலேயே அவர்களுக்குள் இறங்கினேன்.