பச்சையாக இருந்த பதினாறு அட்டைகள்

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த சமையல்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். முப்பத்தொரு வருடம் பராமரிப்பு வேலை. படுத்தவரைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றி மாற்றி, ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆளைத் தூக்கினால் உங்களைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

வேலையை விட முடியாது. கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் இருவரும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல இருந்தாலே சண்டை வந்துவிடும் என்பது அவள் சொல்லும் காரணம். வேலை பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது என்பது கணவர் சொல்லும் காரணம்.

அந்த நேரத்தில்தான் இல்லம் புதுக் கட்டடத்துக்கு மாறுவது முடிவானது. இருபத்துநான்கு முதியவர்கள். அவர்களில் ஐந்து பேர் நாள் முழுக்க ஆக்ஸிஜனில் இருப்பவர்கள். யாருக்கு என்ன தேவை என்று விரல் நுனியில் வைத்திருப்பவள் பெரியக்காதான் என்பதால், கட்டட வேலையையும் இடமாற்றத்தையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை இயக்குநர் அவளிடம் கொடுத்தார். ஒழுங்காக முடித்துக் கொடுத்தால், அடுத்து மாறப்போகும் மூன்று இல்லங்களின் வேலையும் அவளுக்கே. நிரந்தரப் பதவி, உட்கார்ந்து பார்க்கும் வேலை. முடிக்காவிட்டால் பழையபடி கட்டிலடிக்குப் போக வேண்டும், அல்லது வீட்டுக்கு. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர் நேராகவே சொன்னார், அவளும் நேராகவே கேட்டுக்கொண்டாள்.

கூடவே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு திட்ட மேலாளர் வந்தார். முப்பத்தைந்து வயது, அமைதியான மனிதர். வந்த முதல் நாளே எல்லோருடைய போனிலும் ஒரு செயலியை ஏற்றினார். அதில் ஒரு போர்டு. போர்டில் வேலைக்கு ஒரு அட்டை. தொடங்காத வேலை சாம்பல், நடப்பது மஞ்சள், முடிந்தது பச்சை, தேதி தாண்டியதோ ஏற்கப்படாததோ சிவப்பு. பெயிண்டர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் ஒரே போர்டைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் நாளே அவருக்குப் போர்டுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

பெரியக்காவுக்கு அது பிடித்திருந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு வேலை நடந்தால் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவர் காரியம்தான் முதலில் நடக்கும். அவள் மேஸ்திரிக்குப் போன் செய்வாள், மேஸ்திரி எலக்ட்ரீஷியனைக் கைகாட்டுவார், எலக்ட்ரீஷியன் சாமான் வரவில்லை என்பார், சாமான் வந்து மூன்று நாள் மூலையில் கிடந்திருக்கும். போர்டு வந்தபின் யார் கையில் எது நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று எவரும் கையை விரிக்க முடியவில்லை. நாள் முழுக்கப் போனும் காதுமாக இருந்தவள், காலையில் அரை மணி நேரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டைப் பார்ப்பதோடு முடித்துக்கொண்டாள்.

இடமாற்றம் வியாழக்கிழமை என்று குறித்திருந்தார்கள். திங்கள் மாலை போர்டு முழுக்கப் பச்சை. போர்டுக்காரர் அதைப் படம் பிடித்து இயக்குநருக்கு அனுப்பினார். இயக்குநர் வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டார். கடைசியாக ஒரே ஒரு அட்டைதான் மிச்சம்: கட்டடத்தை ஏற்றுக்கொண்டு இடமாற்றத்துக்கு அனுமதி கொடுப்பது. அதை அழுத்த வேண்டியவள் பெரியக்கா.

செவ்வாய் காலை அவள் அதை அழுத்தத்தான் போனாள். அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு அட்டையாகத் திறந்து பார்த்தாள். அது வார்டில் வந்த பழக்கம். மருந்துச் சீட்டில் டிக் இருந்தால் எந்த நேரத்து டிக் என்று பார்க்காமல் அவள் தாண்டமாட்டாள். திங்களன்று பச்சையான அட்டைகள் பதினாறு. பதினாறும் மாலை ஐந்து ஐம்பதுக்கும் ஐந்து ஐம்பத்துநான்குக்கும் இடையில் பச்சையாகியிருந்தன. ஆக்ஸிஜன் குழாய் வேலை, அழைப்பு மணி, குளியலறைக் கைப்பிடி, லிஃப்ட், எல்லாவற்றையும் முடித்ததாகப் போட்டவர் மேஸ்திரி. நான்கு நிமிடத்தில் பதினாறு வேலையை முடிக்க மேஸ்திரிக்கு என்ன எட்டுக் கையா?

அவள் போர்டுக்காரருக்குச் சொல்லவில்லை. ஆக்ஸிஜன் ஓட்டத்தை அளக்கும் கண்ணாடிக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு, பத்து நிமிட நடையில் இருந்த புதுக் கட்டடத்துக்குப் போனாள். ஆக்ஸிஜன்காரர்களுக்கான ஐந்து அறைகளில் முதலாவதான எட்டாம் அறையில் சுவரில் இருந்த இணைப்பில் மாட்டித் திறந்தாள். உள்ளிருந்த சின்ன உருண்டை துள்ளி எழுந்தது. ஒன்பது, பத்து, சரி. பதினொன்றில் உருண்டை அசையவே இல்லை. பன்னிரண்டிலும் அப்படியே. பன்னிரண்டாம் அறைக்கு வரவேண்டியவர் வாத்தியார். கணக்குச் சொல்லிக்கொடுத்தே நுரையீரலைச் சுண்ணாம்புத் தூளுக்குத் தாரைவார்த்தவர் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் மனிதர். குழாயை எடுத்தால் கால் மணி நேரம் தாங்கமாட்டார்.

மேஸ்திரி வாசலில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியக்கா பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்தாள். முழங்கால் மடங்கச் சற்று நேரம் பிடித்தது. விஷயம் மெதுவாக வெளியே வந்தது. தொழிலாளிகள் யாரும் செயலியை ஏற்றவில்லை. பாதிப் பேரிடம் பட்டன் போன். அதனால் மாலையில் கூலியாட்கள் கைகால் கழுவும்போது மேஸ்திரி சத்தமாகக் கேட்பார், அவர்கள் முடிந்தது என்பார்கள், இவர் எல்லாவற்றையும் தன் போனில் வரிசையாகப் பச்சையாக்குவார். ஆக்ஸிஜன் குழாய் போட்டவன் முடிந்தது என்று சொன்னது உண்மை. குழாய் போட்டாகிவிட்டது. சோதிக்கிற ஆள் வெள்ளிக்கிழமைதான் வருகிறான். அவனுக்கு வேறு அட்டை. அதையும் இவரே சேர்த்துத் தள்ளிவிட்டார்.

"ஏன் மேஸ்திரி, நாளைக்குப் போட்டா குடியா முழுகிடும்?"

"சிவப்பு வந்தா ஆபீஸ்ல இருந்து மூணு பேர் போன் பண்றாங்கக்கா. ஒருத்தர் ஏன்னு கேக்குறாரு. இன்னொருத்தர் எப்பன்னு கேக்குறாரு. மூணாவது ஆளு, அவங்க ரெண்டு பேருகிட்டயும் என்ன சொன்னேன்னு கேக்குறாரு. நான் வேலை வாங்கவா, போன் பேசவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டாள். ஆனால் எழுந்து போய் மிச்சப் பதினாலு அட்டைகளையும் மேஸ்திரியோடு சேர்ந்து ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் அறைக் குளியலறைக் கைப்பிடியில் நான்கு திருகாணிக்கு இரண்டுதான் இருந்தன. மூன்றாம் அறையில் மணியை அழுத்தினால் ஆறாம் அறைக்கு விளக்கு எரிந்தது. மொத்தம் பதினாறில் ஆறு பொய்ப் பச்சை.

மதியம் போர்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. இயக்குநர் ஏற்கெனவே நன்கொடையாளர்களையும் குடும்பங்களையும் வியாழனுக்கு அழைத்தாயிற்று. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஆளுக்கொரு சிலிண்டர் வைத்துச் சமாளிக்கலாம், கைப்பிடிக்கும் மணிக்கும் ஒரு நாள் போதும் என்றார். தப்பான யோசனை இல்லை. பெரியக்காவே பல தடவை சிலிண்டர் வைத்துச் சமாளித்தவள்தான். அதுவுமில்லாமல் அழுத்திவிட்டால் பதவி கையில்.

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"ரெண்டு ரூமைப் பத்தி எனக்குக் கவலை இல்லைங்க. இந்தப் போர்டுல போன வாரம் பச்சையானது இன்னும் நாப்பது இருக்கு. அதுல எது நிஜம்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாத கட்டடத்துக்கு என் ஆளுங்களைக் கொண்டுபோக மாட்டேன்."

அவள் அட்டையைத் திறந்து, ஏற்கவில்லை என்பதை அழுத்தினாள். காரணம் எழுதும் இடத்தில் ஆறு குறைகளையும் எழுதினாள். ஒரு விரலால் தட்டியதில் இருபது நிமிடம் ஆனது. போர்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். தட்டித் தரட்டுமா என்று கேட்கவில்லை. மேஸ்திரி பெயரை அவள் எழுதாமல் விட்டதை மட்டும் கவனித்தார்.

அட்டை சிவப்பானது. ஐந்தாவது நிமிடம் இயக்குநர் போன் செய்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அழைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். ஆக்ஸிஜன் வரவில்லை என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அவர், பதவி விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

அன்று வீட்டில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கணவர் பிரேக் சரியில்லாத பஸ்ஸை டிப்போவைவிட்டு எடுக்கமாட்டேன் என்று தான் நின்ற கதையை நாலாவது தடவையாகச் சொன்னார். அதன் முடிவில் அவரை ஒரு மாதம் வேறு வழித்தடத்துக்குத் தூக்கியடித்தார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

புதன் காலை போர்டுக்காரரும் அவளும் உட்கார்ந்து போர்டை மாற்றினார்கள். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது போகிறவள் நான் எல்லாம் முடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு மதிப்பில்லை. வருகிறவள் ஒவ்வொரு கட்டிலையும் பார்த்து, எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால்தான் முந்தையவள் செருப்பை மாட்ட முடியும். அதையே இங்கும் வைத்தார்கள். வேலை செய்தவர் மஞ்சள் வரைதான் கொண்டுவரலாம். பச்சையாக்குவது அந்த வேலையை வாங்கிக்கொள்பவர்: குழாய்க்குச் சோதிக்கிறவர், கைப்பிடிக்கு அதைப் பிடித்துப் பார்க்கும் பராமரிப்புப் பெண். சிவப்பு வந்தால் பெரியக்காவுக்கு மட்டும் தகவல் போகும், ஆபீசுக்குப் போகாது. இந்தக் கடைசி விஷயத்தைத் தலைமை அலுவலகத்திடம் கேட்டு வாங்கியவர் போர்டுக்காரர்தான். மேஸ்திரிக்கு அதைச் சொன்னபோது, "அப்ப இனிமே ஒரே ஒரு போன்தானா?" என்று கேட்டு, அது யாருடைய போன் என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் போர்டு அசிங்கமாக இருந்தது. பச்சை பாதியாகக் குறைந்தது. நாற்பதில் இன்னும் ஏழு பொய். வெள்ளிக்கிழமை சோதனைக்காரன் வந்து, கூரைக்குள் மூடியே கிடந்த ஒரு வால்வைக் கண்டுபிடித்தான். குறித்த தேதிக்கு ஐந்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, இருபத்துநான்கு பேரும் மாறினார்கள். வாத்தியாரைக் கடைசியாகக் கொண்டுவந்தார்கள். பெரியக்கா யாரையும் தூக்கவில்லை. கதவோரம் நின்று, இடது பக்கம், மெதுவா, தலைகாணி என்று சொன்னதோடு சரி. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இயக்குநர் மறுநாள் வந்தார். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். போர்டில் அவள் எழுதிய ஆறு குறைகளை, நன்கொடையாளர் ஒருவர் கேட்டபோது அப்படியே காட்டினாராம்; அவர் மறுபேச்சுப் பேசவில்லையாம். இதை இயக்குநர் சொன்ன தொனி பாராட்டு மாதிரியும் இல்லை, குறை மாதிரியும் இல்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"மூணையும் இப்பத் தர முடியாதும்மா. மேல கேள்வி வருது. ஒண்ணு தர்றேன், ஆறு மாசத்துக்கு. பார்க்கலாம்."

அவள் எதிர்பார்த்தது அது இல்லை. எந்த இல்லம் என்று கேட்டாள். எத்தனை கட்டில், எத்தனை பேர் ஆக்ஸிஜனில், தேதியை யார் குறித்தது என்று கேட்டாள். தேதியை இன்னும் குறிக்கவில்லை என்றார் அவர்.

"கட்டடத்தைப் பார்த்துட்டு நானே சொல்றேன்" என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி யாரையும் அழைச்சிடாதீங்க."

அவர் தலையாட்டினார். மேலாளரும் கூட வருவாரா என்று கேட்டார். வரட்டும், நன்றாக வேலை பார்க்கிறவர் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் அறையில் மணி அடிப்பதைக் கேட்டு அவள் எழுந்து போனாள்.