சுரண்டாத மூலை

எங்கள் தோட்டத்தில் புல் முளைப்பது ஒரு குற்றம். தேயிலைச் செடியின் அடியில் பச்சையாக ஏதாவது தலைகாட்டினால் போதும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும், எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு அந்த நிரைக்காரியின் பரம்பரையையே இழுத்துப் பேசுவார். அதனால் சுரண்டியைக் கையில் எடுத்தால் வெறும் மண் தெரியும்வரை வழித்தெடுக்கப் பழகியிருந்தோம். வட்டவளைப் பக்கத்தில் என்னைப்போல் சுத்தமாகச் சுரண்டுகிறவள் கிடையாது என்று எனக்கு நினைப்பு. அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம், திமிருக்குக் குறைவில்லை.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே ஒரு குளம் இருந்தது. அதிலிருந்துதான் நாங்கள் குடம் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வரும். குளத்துக்கு மேலிருந்த காட்டைத் தொழிற்சாலை அடுப்புக்கென்று வெட்டி வெட்டி மலை மொட்டையாகிவிட்டது. அங்கிருந்து மண் இறங்கிக் குளம் தூர்ந்து, மாடு குறுக்கே நடந்துபோகிற அளவுக்கு வந்துவிட்டது. மழைக்குப் பேர்போன ஊரில், தை மாசியில் பீலி காய்ந்துபோய், தேயிலை நிரைகளுக்கு நடுவே வெட்டிய கானில் தேங்கியதை மொண்டு குடித்தோம்.

லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா அந்தக் கான் தண்ணீருக்கு மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். வயிற்றோட்டம், மூன்றே நாள். புருஷன் அதற்கு முன்பே செத்துப்போனான். மிச்சமிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை எலும்பும் தோலுமாக அவள் இடுப்பிலேயே கிடந்தது. இதையாவது காப்பாற்ற நல்ல தண்ணீர் வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போய்க் கேட்டவள் அவள்தான். நாங்களும் கூடப் போனோம். எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகப் பின்னால் நின்றுகொண்டோம்.

துரை ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே குளத்தைத் தூர்வார வேண்டும், மேலே மொட்டை மலையில் நாங்களே மரம் நட வேண்டும். கன்றுகளை மட்டும் தோட்டம் தரும். மழை முடிந்து பார்க்கும்போது குளம் மறுபடி தூர்ந்திருந்தால் அதை மூடித் தேயிலை போட்டுவிடுவாராம்.

ஒரு ஞாயிறு விடாமல் சேறு சுமந்தோம். இடுப்பளவு சேற்றில் நின்று ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து விளையாடிக்கொண்டுதான் வேலை செய்தோம். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு மலையைக் குடும்பத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்துச் சவுக்கும் வாகையும் நட்டோம். அக்காவுக்குக் குளத்தை ஒட்டிய மூலை. அடுத்தது என் துண்டு.

கன்று வைத்த பிறகும் எங்கள் கை சும்மா இருக்கவில்லை. யாரும் சொல்லாமலே சுரண்டியோடு வந்து மலை முழுவதையும் பெருக்கிய வாசல் மாதிரி ஆக்கினோம். அக்கா மட்டும் கன்றைச் சுற்றி ஒரு சாண் கொத்திவிட்டு மற்றப் புல்லை அப்படியே விட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சித்திரையில் ஒரு மழை பெய்த மறுநாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். என் துண்டிலிருந்து குளத்தில் இறங்கிய தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. அவள் மூலையிலிருந்து வந்தது தெளிந்திருந்தது.

“புல்லு மண்ணப் புடிச்சுக்கிது புள்ள. நீயும் விட்டுரு. நீ சொன்னா மத்தவங்களும் கேப்பாங்க.”

கேட்டிருப்பார்கள். ஆனால் சுரண்டாதே என்று என்னிடம் சொல்வது, உனக்கு வேலை தெரியாது என்று சொல்வது போல எனக்குப் பட்டது. சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்குப் பிடித்தீர்கள் என்று சிரித்துவிட்டு வந்தேன். பீலியடியில் அதையே நடித்துக்காட்டி மற்றவர்களையும் சிரிக்கவைத்தேன். அதிலிருந்து அவள் குடத்தோடு வந்தால், காட்டுக்காரி வந்துவிட்டாள், வழிவிடுங்கள் என்பார்கள். அந்தப் பட்டம் நான் வைத்தது.

வைகாசிக் கடைசியில் பெருமழை பிடித்தது. பத்து நாள் விடவில்லை. மழை விட்ட காலையில் போய்ப் பார்த்தால் மலை தோலுரித்த ஆடு மாதிரி கிடந்தது. மண்ணும் கன்றுகளும் சேர்ந்து குளத்துக்குள் கிடந்தன. எங்கள் அத்தனை ஞாயிறும் வீண். அக்காவின் மூலை மட்டும் பச்சையாக நின்றது, ஒரு கன்றும் சாயாமல்.

துரையும் கண்டாக்கும் வந்தார்கள். சுரண்டாத நிலத்தைக் கண்டதும் கண்டாக்குக்கு முகம் மாறிவிட்டது. இந்தப் புல்லில் தண்ணீர் தேங்கித்தான் மலை முழுக்க இறங்கியிருக்கிறது என்று துரையிடம் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அது யாருடைய துண்டு என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். தெளிந்த தண்ணீரைக் கண்ணால் பார்த்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

“இந்த அக்காவோடதுங்க ஐயா” என்று கையை நீட்டினேன். “சொரண்டச் சொல்லி எத்தனையோ தடவ சொன்னோமுங்க. கேக்கலைங்க.”

பயத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் கொஞ்சம்தான். அவள் சொன்னது சரியாகிப்போனதே என்ற எரிச்சல்தான் அதிகம்.

அவள் துரையிடம் வாதாடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“நீ பாத்தியே புள்ள.”

அந்த வாரமே அவளுக்கு வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். தகரப்பெட்டியோடும் பிள்ளையோடும் கிளம்பியவள், வழிக்கு ஒரு போத்தல் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு வந்தாள். பீலியில் சேறுதான் வந்தது. என் காம்பராவில் வடிகட்டிய தண்ணீர் ஒரு குடம் இருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. அவள் சேற்றையே பிடித்துக்கொண்டு கினிகத்தேனைப் பக்கம் போனாள். அந்தப் பிள்ளை என்னவானது என்று நான் விசாரித்ததே இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

குளத்தை மூடுவதற்குள் அந்தத் துரை மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் அந்தப் பச்சை மூலையில் வெகுநேரம் நின்று, இங்கே மட்டும் மண் எப்படித் தங்கியது என்று கேட்டார். நாங்கள்தான் சோதித்துப் பார்க்கப் புல்லை விட்டுவைத்தோம் என்றார் கண்டாக்கு. நான் தலையாட்டினேன். மறுபடி தூர்வாரினோம், மறுபடி நட்டோம். இந்த முறை யாரும் சுரண்டியை எடுத்துப்போகவில்லை.

மரங்கள் வளர்ந்துவிட்டன. மாசியிலும் பீலியில் கண்ணாடி மாதிரி தண்ணீர் விழுகிறது. என் மூன்று பிள்ளைகளும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒருநாள்கூட வயிற்றோட்டம் வந்ததில்லை.