தோளில் துண்டு போட்ட படம்

கண்காட்சிக்கு வரச் சொல்லி மகள் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காலேஜ் வாசல் என்றாலே பயம். ஒன்பதாவதோடு நின்றவள் நான். யாராவது இங்கிலீஷில் எதையாவது கேட்டுவிடுவார்களோ, தப்பான கதவைத் திறந்துவிடுவேனோ என்று ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறியதிலிருந்து அதே நினைப்பு. இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்து, சேலையூர் போய்ச் சேர்ந்தேன்.

ஹால் முழுக்க பிள்ளைகள் செய்த படங்கள். ஒரு சுவரில் கையால் வரைந்தவை, எதிர்ச்சுவரில் கம்ப்யூட்டரில் செய்தவை. இரண்டிலும் மகளுடையது இல்லை. வெளியே வராந்தாவில், தண்ணீர் கேன் வைத்த மேஜைக்கு மேலே தொங்கியது.

எங்கள் அபார்ட்மென்ட் கேட். காய்கறி வண்டி. அதில் கத்திரிக்காய் பொறுக்குகிற ஒரு பெண், பூப்போட்ட நைட்டியில், தோளில் துண்டோடு. கீழே ‘என் அம்மா’ என்று எழுதியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டேன். “நாலு பேர் வர்ற இடத்துல என்னை நைட்டியோடவா மாட்டுவ?”

“தெனம் காலைல நாலு பேர் முன்னாடி அப்படித்தானம்மா நிக்கிற.”

இப்போது கம்ப்யூட்டரில் சொன்னால் போதுமாம், படம் அதுவே போட்டுவிடுமாம். தமிழ்நாட்டு அம்மா என்று இவள் கேட்டதற்கு, பட்டுப்புடவையும் மல்லிகையுமாக, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு ஒருத்தியைக் கொடுத்திருக்கிறது. நைட்டி என்றால் லேஸ் வைத்த கவுன், பின்னால் ஒரு கட்டில். துண்டு என்றால் தலைக்குக் குளித்தவள் மாதிரி சுற்றிவிட்டது. உலகத்தில் இருக்கிறதெல்லாம் அதற்குத் தெரியும் என்கிறார்கள். காலையில் கேட்டுக்குக் கேட் நிற்கிற எங்களை மட்டும் தெரியவில்லை. வெறுத்துப்போய் இவள் புடவைக்காரியையே பிரிண்ட் எடுத்து, குடத்தை மறைத்து, கேட்டும் காய்கறி வண்டியும் நைட்டியும் துண்டும் பெயின்டால் வரைந்துவிட்டாள். முகம் அது கொடுத்த முகம், மாசு மரு இல்லாமல். துண்டின் ஓரத்தில் இருந்த மஞ்சள் கறை மட்டும்தான் நான்.

அவளுடைய சார் வந்தார். நல்ல மனுஷன்தான், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கொஞ்சம் கையால், கொஞ்சம் கம்ப்யூட்டரால் செய்ததை எந்தச் சுவரிலும் சேர்க்க முடியாது, அதனால் இன்டர்னல் மார்க்கும் போட முடியாது என்று விளக்கினார். பெயின்ட் அடிக்காத பிரிண்ட் ஒன்றைக் கொண்டுவந்தால் இன்றைக்கே உள்ளே மாட்டிவிடலாமாம்.

தேவலாமே என்றுதான் எனக்குப் பட்டது. மார்க்கும் வரும், மானமும் தப்பும். சரி சார் என்று வாயைத் திறக்கப் போனேன்.

“ஒரிஜினல் பிரிண்ட் ரொம்ப அழகும்மா. இந்தத் துண்டுதான் கெடுக்குது” என்றார் சார்.

அந்த வார்த்தை சுருக்கென்றது. “அந்தப் புடவைக்காரி யாரோ சார், எனக்குத் தெரியாது. இதுவே இருக்கட்டும்.”

“உங்க இஷ்டம்மா” என்று உள்ளே போய்விட்டார்.

அவர் முதுகைப் பார்த்ததுமே பயம் பிடித்துக்கொண்டது. என்ன பேசிவிட்டேன்! படிக்கிறது அவள், வீறாப்பு எனக்கா? மார்க் குறையும், அதனால் வேலை கிடைக்காது என்று எங்கெங்கோ போயிற்று மனசு. திரும்பும்போது ரயிலில் அவளிடம் கேட்டேன். “வருஷம் போயிடுமாடி?”

“வருஷம்லாம் போகாதும்மா. இந்த பேப்பர்ல கொஞ்சம் கம்மியாகும். விடு.”

அவள் விட்டுவிட்டாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் பெருங்களத்தூர் தாண்டியும் ஆறவில்லை. கேட்டது கிடைக்காமல்தானே சார் பிள்ளை பிரஷ்ஷை எடுத்தது? அது தப்பா? நீங்கள் ரெண்டு சுவரை வைத்துக்கொண்டு, அதில் அடங்காததை வெளியே தள்ளினால் எப்படி? வரிசையாக, தெளிவாக, இப்போது வருகிறது வாயில். அங்கே, அவர் எதிரில், இதில் ஒரு வார்த்தை வந்திருக்கக்கூடாதா?